எந்தக் கை என்று

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு பெட்டி கட்டியாயிற்று. மூன்றாவது பெட்டி என் கணவருடைய பட்டியல்களுக்கு என்று நாத்தனார் கேலி செய்கிறாள். அவர் எதையும் பட்டியல் போடாமல் செய்யமாட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர், கடையிலும் அப்படித்தான். இப்போது சுற்றுலாவுக்கு ஒன்று போட்டிருக்கிறார்: யார் நட்டது என்று தெரியாத கற்கள், உருண்டை மேல்நோக்கி ஓடும் சாய்ந்த வீடு, செடியால் அடைத்த புதிர்ப்பாதை, கைகள் பதிந்த குகை. ஒன்பது நாள்.

"ஊர் மாறினா மனசு மாறும்" என்றார். தலையாட்டினேன். இப்போதெல்லாம் எதற்கும் தலையாட்டிவிடுகிறேன், அதுதான் சுலபம்.

ஆஸ்பத்திரியில் பதினாறாம் தேதிக்குள் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை வேலைக்கு வர வேண்டாமாம். இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் என் மிகப் பெரிய விடுப்பு. நான் எடுத்ததல்ல, அவர்கள் கொடுத்தது.

மார்ச் 4, புதன்

வேனில் பதினோரு பேர். நாத்தனார் இதற்குள் எல்லோருடைய சர்க்கரை அளவும் தெரிந்துகொண்டுவிட்டாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்றுதான் அவளை வீட்டில் ரேடியோ என்போம். அவள் பேசுவதால் நான் பேச வேண்டியதில்லை. அந்த வகையில் நல்லது.

நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

நெஞ்சு எக்ஸ்ரே என்றால் தட்டின் மேல் நெஞ்சை அணைத்து, எனக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். அவர்கள் இடது என் இடதுதான். தட்டின் ஓரத்தில் மார்க்கர் என்று ஒரு சின்ன ஈயத் துண்டை ஒட்டுவேன், இது இடப்பக்கம் என்று படத்தில் தெரிய. ஒரு நாளைக்கு முப்பது பேர். கை தானாகப் போகும்.

பிப்ரவரி 19 பிற்பகல் ஒரு லாரி ஓட்டுநரை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். நிற்க முடியவில்லை. தட்டை முதுகுக்குப் பின்னால் வைத்து, என்னைப் பார்த்து உட்காரவைத்து எடுத்தோம். அவர் இடது அப்போது என் வலது. கை பழைய இடத்துக்கே போய்விட்டது.

வலது நுரையீரல் சுருங்கியிருந்தது. படத்தில் இடது என்று இருந்தது. நெஞ்சில் கட்டிய காற்று இதயத்தைத் தள்ளியிருந்ததால் டாக்டருக்கும் சந்தேகம் வரவில்லை. நல்ல பக்கத்தில் குழாயைச் செருகிவிட்டார். ஓட்டுநர் இன்னும் மூச்சுக் கருவியில் இருக்கிறார்.

எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் பில்லைப் படித்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

கற்களைப் பார்த்தோம். மொத்தம் நாற்பத்தொன்று, வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. இந்தக் கல் இந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடைக்காதாம். யார் கொண்டுவந்தார்கள், எதற்கு நட்டார்கள், ஒன்றும் தெரியாது என்று பலகையில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லி நுழைவுச்சீட்டு விற்பவர்களைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

எல்லோரும் ஒரு கல்லில் காதை வைத்துக் கேட்டார்கள், ஏதோ முனகுமாம். ரேடியோவுக்கு நன்றாகக் கேட்டது. அவர் கேட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார். நானும் வைத்தேன். கல் சூடாக இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

வார்டு நர்ஸ் செய்தி: "அப்படியே இருக்கார்."

மார்ச் 7, சனி

சாய்ந்த வீடு. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள். உருண்டை மேட்டை நோக்கி ஓடியது, தண்ணீரும் ஓடியது. தலை சுற்றும், கைப்பிடியைப் பிடியுங்கள் என்று வாசலில் எழுதியிருந்தது. எனக்குச் சுற்றவில்லை. ரேடியோ சுவரோடு ஒட்டிக்கொண்டு, "அண்ணி, உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலையா?" என்றாள். பண்ணவில்லை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வெளியே வந்ததும் சீஃப் போன் செய்தார், எங்கள் எக்ஸ்ரே பிரிவின் தலைமை டாக்டர். குரலில் தேன்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மார்க்கர் வெச்சதுக்கு அப்புறம் ஸ்ட்ரெச்சரைத் திருப்பிட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. உங்க பேரும் போகாது, ஆஸ்பத்திரி பேரும் போகாது."

"யார் திருப்பினதா எழுதறது?"

"தள்ளிட்டு வந்தவர்தான். அவர்தான் வேலையை விட்டுட்டுப் பையன் ஊருக்கே போயிட்டாரே. அவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

ஸ்ட்ரெச்சர் தள்ளும் அந்த அண்ணனை நாங்கள் சக்கரம் என்போம். பன்னிரண்டு வருடம் என் அறைக்கு ஆட்களைக் கொண்டுவந்தவர். மாதக் கடைசியில் வேலையை விடுவதாக முன்பே சொல்லியிருந்தார். அன்று அறையில் இருந்தது நானும் அவரும்தான். ஓட்டுநருக்கு நினைவில்லை.

சரி டாக்டர் என்றேனா? என்றேன். தலையாட்டும் பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது.

என் கணவரிடம் சொன்னதும் அவருக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. என்னைக் கேட்காமல் எனக்குப் பிடித்த ஐஸ்கிரீம் வாங்கி வந்தார்.

மார்ச் 8, ஞாயிறு

புதிர்ப்பாதை. செடிகள் என் தலைக்கு மேல் இரண்டு அடி. "நீ முன்னாடி போ, நீதான் நிதானமான ஆளு" என்று அவர் என்னை முன்னால் தள்ளிவிட்டார். எங்கள் வேன் மொத்தமும் பின்னால் வந்தது.

முதல் பிரிவு வந்தது.

"லெஃப்டா, ரைட்டா?" என்றார்.

சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கையையும் பார்த்தேன். எது எது என்று தெரியாமல் இல்லை, தெரிந்தது. சொல்லத்தான் முடியவில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைசியில் பாதை நடுவே இருந்த காவல் கோபுரத்தின் மேலிருந்து காவலாளி இறங்கி வந்து, அவசரக் கதவைத் திறந்து எங்களை வெளியே விட்டார். வேனில் யாரும் என்னோடு பேசவில்லை.

"ஏதோ ஒரு பக்கம் சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

அன்றைக்கும் ஏதோ ஒரு பக்கம்தான் வைத்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

மழை. எங்கும் போகவில்லை. விடுதிக் கூரையில் நான்கு ஓடுகள் மட்டும் வேறு நிறம்.

மார்ச் 10, செவ்வாய்

குகைக்கு இருநூறு படி. ரேடியோவுக்கே மூச்சு வாங்கிப் பேச்சு நின்றது, அதை எல்லோரும் கவனித்தோம்.

உள்ளே சுவர் முழுக்கக் கைகள். கையைச் சுவரில் வைத்துச் சுற்றிலும் செம்மண் சாயத்தை ஊதியிருக்கிறார்கள். கை எடுத்த இடம் வெறுமையாக நிற்கிறது. பல ஆயிரம் வருடம் என்றாள் வழிகாட்டிப் பெண். ஒரு கையில் சுண்டுவிரல் இல்லை. ஒன்று குழந்தைக் கை.

"நல்லா பாருங்க, எல்லாமே இடது கை. வலது கையில குழலைப் பிடிச்சு ஊதியிருக்காங்க" என்றாள்.

நான் ஆறு நாளாகப் பார்த்த இடங்களில் யாரிடமும் ஒன்றும் கேட்டவளில்லை. வாய் தானாகக் கேட்டது. "புறங்கையைச் சுவர்ல வெச்சு ஊதினாலும் இதே மாதிரிதானே வரும்? அப்ப வலது கையா இருக்கலாமே?"

அவள் தன் கையைக் காற்றில் அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தாள்.

"ஆமாம்மா, இருக்கலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

"பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா?"

"எப்படி முடியும்? வெச்சவங்க வந்து சொன்னாத்தான் உண்டு."

எல்லோரும் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பிரிவில் மார்க்கர் இல்லாமல் ஒரு கையின் படம் போனால் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். புரட்டினால் இடது வலது ஆகும், வலது இடது ஆகும். எத்தனை படித்தவர் பார்த்தாலும் சொல்ல முடியாது. இந்தக் கைக்காரர்கள் செத்துப் போய்விட்டார்கள், சொல்ல ஆள் இல்லை. நான் இருக்கிறேனே. உயிரோடு இருக்கிறேன், பதினாறாம் தேதி வேறு கொடுத்திருக்கிறார்கள்.

ரேடியோ திரும்பி வந்து, "அண்ணி, அழுறீங்களா?" என்றாள். இல்லை. கண்ணைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

மார்ச் 11, புதன்

காலையில் விடுதி மேசையில் எழுதினேன். மூன்றே வரி.

மார்க்கரை வைத்தது நான். தவறான பக்கத்தில் வைத்தேன். ஸ்ட்ரெச்சரை யாரும் திருப்பவில்லை.

அவர் தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டார்.

"என்ன இது? சீஃப்கிட்ட சரின்னு சொன்னியே."

"சொன்னேன்."

"உண்மையைச் சொன்னா அந்த ஆளு எழுந்து வண்டி ஓட்டப் போறாரா?"

"மாட்டார்."

"அப்புறம்? வேலை போகும். இருபத்திரண்டு வருஷத்தை ஒரு காயிதத்துல கை கழுவப் போறியா?"

"சக்கரம் அண்ணன் திருப்பலைங்க."

"அவர்தான் வேலையை விட்டுட்டாரே."

"வேலையை விட்டா பேரையும் விட்டுட்டுப் போகணுமா?"

அவர் குரலை உயர்த்தினார், பக்கத்து அறையில் கதவு சாத்தினார்கள். நான் மட்டும் குற்றவாளியா, குழாய் போட்ட டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா என்றார். வேண்டும்தான். அதை அந்த டாக்டர் எழுதட்டும். என் கை என்ன செய்தது என்று நான்தானே எழுத முடியும்? எனக்கு என்ன இவர் மேல கோபமா? இல்ல. பயந்துட்டார், பாவம். எனக்குத்தான் பயம்கூட வரமாட்டேங்குது.

ரேடியோ கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணா, நீ பேசாம இரு. அண்ணி எழுதட்டும்" என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அவள் இத்தனை சுருக்கமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 12, வியாழன்

வீடு. அவர் பெட்டிகளைத் தூக்கி வைத்தார். பட்டியலை எடுக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

கொடுத்தேன். சீஃப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். தேன் எல்லாம் தீர்ந்திருந்தது.

"யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"யோசிக்கத்தானே டாக்டர் லீவு குடுத்தீங்க."

மார்ச் 20, வெள்ளி

நர்ஸ் செய்தி: ஓட்டுநருக்கு மூச்சுக் கருவியை எடுத்துவிட்டார்கள். இரண்டு முறை படித்தேன். பிறகு துணி மடித்தேன்.

மார்ச் 25, புதன்

விசாரணை நாற்பது நிமிடம். கையை எப்படி வைத்தேன் என்று காட்டச் சொன்னார்கள். எழுந்து காட்டினேன். வேலையிலிருந்து நீக்கம். குழாய் போட்ட டாக்டருக்குத் தனி விசாரணையாம். ஓட்டுநரின் வீட்டுக்கு என் கடிதத்தின் நகலை அனுப்ப வேண்டும் என்று குழுவில் இருந்த ஒரு அம்மாள் அடம் பிடித்தார். சீஃப் கூரையைப் பார்த்தார்.

என் கணவர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்றேன். என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

பிற்பகல் மூன்றரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். லாரி ஓட்டுநரின் மனைவி.

ஓட்டுநர் வீட்டுக்கு வந்துவிட்டாராம். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். இனி லாரி இல்லை.

"அவருக்கு நுரையீரலே பலவீனம்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. ஒரு மாசம் நான் அவரைத்தான் திட்டிட்டு இருந்தேன். சிகரெட் குடிச்சுக் குடிச்சு இப்படிக் கிடக்கிறியேன்னு. கண்ணு திறக்காத மனுசனை, தினம் பக்கத்துல உக்காந்து திட்டினேன். நேத்து தபால் வந்துச்சு. நீங்கதானா அது?"

"ஆமா. நான்தான்."

பிறகு ஆரம்பித்தார். முதலில் நீங்க என்றுதான் திட்டினார், போகப் போக நீ ஆயிற்று. உனக்குக் கண்ணு இல்லையா, உன் வீட்டு ஆளா இருந்தா இப்படித்தான் செய்வியா, அந்த மனுசன் மூச்சுக்குத் தவிச்சது உனக்குத் தெரியுமா. எனக்குத் தெரிந்த வசவும் தெரியாத வசவும் வந்தன. போனை வைத்துவிடு என்று என் கணவர் எதிரில் நின்று சைகை காட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏதோ ஒரு வார்த்தைக்குத் தரையில் உட்கார்ந்தேன். ஏழு வாரமாக வராத அழுகை வந்தது. வலித்தது. இத்தனை வலி எங்கே இருந்தது இவ்வளவு நாள்? மரத்துப்போன காலை ஊன்றினால் குத்துமே, அப்படி உடம்பு முழுக்கக் குத்தியது. சத்தம் அந்த அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அழ வேண்டியவர் அங்கே இருக்கிறார்.

இருபது நிமிடம் இருக்கும். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் எனக்கு ஆறலை. நாளைக்கும் கூப்பிடுவேன்" என்றார்.

"கூப்பிடுங்கம்மா. வீட்லதான் இருப்பேன்."