எனக்கு வராத வலி

அன்புள்ள அக்காவுக்கு, உன் தங்கை எழுதிக்கொள்வது.

நீ பெரியம்மாவாகி இன்றோடு பதினோரு நாள். இங்கே குழந்தை, நான், அம்மா, என் வீட்டுக்காரர் நால்வரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் உன் வாலுப் பையனும், வயிற்றில் இருப்பதும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்கு மூக்கு அப்படியே உன் மூக்கு. பெற்றது நான், மூக்கு உன்னுடையது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? இப்போது தூங்குகிறாள். எழுந்துகொண்டால் பாதி வார்த்தையில் விட்டுவிட்டு ஓடுவேன். கையெழுத்து கோணல்மாணலாகப் போனால் திட்டாதே.

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். அடுத்த மாதம் பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்டுக்கொள்கிறாயா என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், நீ போட்டுக்கொண்டவள்தானே, எப்படி இருந்தது, பொய் சொல்லாமல் எழுது என்று கேட்டிருந்தாய். அம்மா உதவிக்கு வரட்டுமா என்று நான் கேட்டதற்குக் கடைசியில் ஒரே ஒரு வரி, 'அம்மா வர வேண்டாம்.' அந்த வரியை அம்மாவிடம் நான் இன்னும் காட்டவில்லை. "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள் என்றேன். "வேற?" என்றாள். வேறு ஒன்றும் இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, துவைத்து வைத்திருந்த துணியையே திரும்பவும் துவைக்கப் போய்விட்டாள்.

உன் கோபம் எனக்குத் தெரியாததா? நானூறு பள்ளிக்கூடச் சீருடை பாதி வெட்டிக் கிடக்கும்போது, அத்தானுக்கு வேலை மாற்றல் வந்து நீ கிளம்பிப் போனாய். நம் தையல் கடையில் துணி வெட்டுகிறவள் நீ ஒருத்திதான். அம்மா வாசல் வரைகூட வரவில்லை. அடுத்த வருடம் பிரசவ அறையிலிருந்து, அத்தான் வந்து சேர்வதற்குள் தனியாகக் கிடந்த நேரத்தில், கடை போனுக்குக் கூப்பிட்டாய். யாரும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து நீ எங்களைப் போனில் கூப்பிட்டதே இல்லை. மூன்றரை வருடமாகக் கடிதம்தான். மெஷின் சத்தத்தில் மணி கேட்கவில்லை என்று நான்தான் உனக்கு எழுதினேன். அதற்கு நீ பதிலே போடவில்லை.

முதலில் ஊசிக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் நான் கத்திய கத்தில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. எவ்வளவு வலி என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீ முழுசாகப் பட்டவள். கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் கரண்ட் கம்பத்தின் உச்சியில் நின்று கம்பி இழுக்கிற மனிதர். ஊசி என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, நீங்களே போங்க. நான் வந்தா டாக்டர் இவளை விட்டுட்டு என்னைத்தான் பார்க்கணும்" என்று சொல்லி நழுவிவிட்டார். அப்படித்தான் அம்மா உள்ளே வந்தாள்.

மயக்க மருந்து டாக்டர் ஒரு சின்ன உருவப் பெண். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு பூனை மாதிரி முதுகை வளைக்கச் சொன்னார். கட்டைவிரலால் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். கோட்டு தைக்க நான் எத்தனை முதுகுக்கு அப்படி நடுக்கோடு பிடித்திருப்பேன்! என் முதுகுக்கு ஒருத்தர் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஜில்லென்று ஏதோ தடவினார். பிறகு சுரீரென்று ஒரு சின்ன ஊசி, பத்து எண்ணுவதற்குள் எரிச்சல் அடங்கிவிட்டது. அடுத்துப் பெரிய ஊசி. அது வலிக்கவில்லை, அழுத்தியது. ஒரே ஒரு தடவை வலது காலில் மின்சாரம் மாதிரி ஓடிப் போனது, துள்ளிவிட்டேன். ஊசி ஒன்றும் கஷ்டமில்லை அக்கா. அது உள்ளே இருக்கும்போது வயிற்றில் வலி ஏறும், அப்போது ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். அம்மா எதிரே நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவளைத் திட்டினேன். வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். நம் அம்மா! யாராவது நம்புவார்களா?

ஊசியை எடுத்துவிட்டு ஒரு மெல்லிய குழாயை மட்டும் முதுகில் ஒட்டிவிட்டார்கள். கால் மணி நேரத்தில் பாதத்தில் இளஞ்சூடு வந்தது. வெந்நீர்த் தொட்டியில் மெல்ல இறங்குவது மாதிரி முழங்கால், இடுப்பு என்று அது மேலே ஏறியது. ஐஸ் கட்டியை வைத்து, ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்டார்கள். எங்கே வைக்கிறீர்கள் என்று நான் அவர்களைக் கேட்டேன். பொய் சொல்லாதே என்றாயே, அதனால் இதையும் கேள். இடது பக்க அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மரத்துப் போகவே இல்லை. மொத்த வலியும் அந்தச் சந்து வழியாக வந்து எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்து இன்னும் கொஞ்சம் மருந்து விட்ட பிறகுதான் அதுவும் அடங்கியது.

வலி போன பிறகு என்ன இருந்தது என்று கேட்டால், மதியம் இருந்தது. ஜன்னலில் பச்சைத் திரை. அறை முழுக்க அந்தப் பச்சை வெளிச்சம் தண்ணீராக நிற்கிறது. குழந்தையின் இதயத் துடிப்பை ஒரு பெட்டி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது, நம் மோட்டார் மெஷினில் நீளத் தையல் ஓடுகிற வேகம். என் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். கைக்குத் தொடை தெரிந்தது, தொடைக்குக் கை தெரியவில்லை. யாருடைய காலையோ தொட்டுவிட்டவள் போலக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். வயிறு மட்டும் அவ்வப்போது இறுகும். அதுவும் பக்கத்து வீட்டில் யாரோ கதவு சாத்துகிற மாதிரிதான் இருக்கும். நான் தூங்கினேன் அக்கா. பிள்ளை பெறப் போன இடத்தில் தூங்கினேன். கனவில் வெட்டு மேஜைக்கு அடியில் படுத்திருந்தேன். மேலிருந்து நீலத் துணி மடிப்பு மடிப்பாக என்மேல் விழுந்துகொண்டே இருந்தது, கனமே இல்லாமல். கண்ணைத் திறந்தால் பச்சை, மூடினால் நீலம்.

ஒரு தடவை விழித்தபோது யாரோ முனகுகிற சத்தம் கேட்டது. நான்தான் முனகுகிறேன் என்று நினைத்து வாயைத் தொட்டுப் பார்த்தேன். வாய் மூடித்தான் இருந்தது. பார்த்தால் அம்மா! பெட்டியிலிருந்து ஒரு காகிதம் வந்துகொண்டே இருக்கும். வலி வந்தால் அதில் கோடு மேலே ஏறும், போனால் இறங்கும் என்று நர்ஸ் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். சொல்லியிருக்கவே கூடாது. கோடு ஏற ஏற அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறாள், நெற்றியெல்லாம் வியர்வை. கோடு இறங்கினால் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். "ஏங்க, பிரசவம் யாருக்குங்க? உங்களுக்கும் ஒரு கட்டில் போடச் சொல்லட்டுமா?" என்று நர்ஸ் கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் கோடு கன்னாபின்னாவென்று ஆடியது, அதற்கும் திட்டு வாங்கினேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வர வேண்டியது அவளுக்கு அல்லவா வந்திருந்தது!

மறுபடி தூங்கிப் போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் பாதி திறந்தபோது நர்ஸ் இல்லை. அம்மா கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். கோடு ஏறிக்கொண்டிருந்தது. "பொறுத்துக்கடி, கொஞ்சம் பொறுத்துக்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, எனக்கு வலிக்கல அம்மா என்றேன். அவள் காதில் அது விழவே இல்லை. "எடுத்துட்டேன்டி பெரியவளே. எடுத்துட்டேன்ல, சொல்லு. சொல்லு, நான் கேக்கறேன்" என்றாள்.

பெரியவள் நீதானே அக்கா. நான் சின்னவள்.

வலியில் கத்திக்கொண்டிருந்தால் இது என் காதில் விழுந்திருக்காது. உடம்பு அவ்வளவு அமைதியாக இருந்ததால்தான் விழுந்தது. அதுவும் கனவுதானோ என்று பிறகு எனக்கே சந்தேகமாகிவிட்டது.

நாலு மணிக்கு முக்கச் சொன்னார்கள். எங்கே முக்குவது? இடுப்புக்குக் கீழே ஆளே இல்லை! அம்மாதான் காகிதத்தைப் பார்த்து, "ஏறுது, ஏறுது, இப்போ!" என்று கத்துவாள். அதை நம்பி நான் முக்குவேன். கூடவே அவளும் முக்கி முகமெல்லாம் சிவந்து நின்றாள். கீழே ஒரு பெரிய அழுத்தம், ஏதோ திரும்புகிறது, வழுக்குகிறது என்பது மட்டும் தெரிந்தது. நாலு இருபதுக்கு நெஞ்சின்மேல் சூடாக, ஈரமாக அவளை வைத்தார்கள். நெஞ்சு மரத்துப் போகவில்லை அக்கா, அது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. வலிக்காமல் பெற்றால் பாசம் ஒட்டாது என்று யாராவது உன்னிடம் சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்பி வை, நான் பேசிக்கொள்கிறேன்.

பிறகு டாக்டர் கீழே தையல் போட்டார். எத்தனை தையல், உள்ளே ஒரு வரிசை வெளியே ஒரு வரிசையா, முடிச்சு எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "நீங்களே தைக்கிறீங்களா?" என்றார். அதற்கப்புறம் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது, மூக்கும் கன்னமும் அரித்தன. அதுவும் மருந்தால் வருகிறதுதானாம், பயப்படாதே. பொழுது சாய்ந்த பிறகு வலது கால் முதலில் திரும்பி வந்தது, இடது கால் அரை மணி நேரம் கழித்து. ஊசி போட்ட இடத்தில் மூன்று நாள் நோவு இருந்தது. அவ்வளவுதான். போட்டுக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். என்னைக் கேட்டால் போட்டுக்கொள். ஒரு பிரசவத்துக்கு நீ பட்டது இரண்டுக்கும் போதும்.

இனி எழுதப்போவது எழுதக் கஷ்டமானது. குழந்தை இரண்டு தடவை எழுந்து பால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாள், நான் இன்னும் இந்த வரியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்குக் கடையில் மெஷின் சத்தமே இல்லை அக்கா. மணி அடித்ததும், பொத்தான் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த நான் காஜா மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அம்மாவும் நிறுத்திவிட்டாள். இஸ்திரி மேஜைமேல் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கும் அதற்கும் மூன்றடி தூரம். திரையில் உன் நம்பர், நீதான் கூப்பிடுகிறாய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா எடுப்பாள் என்று நான் அவளைப் பார்த்தேன். அவள் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கலாம். அவளுக்குப் பயந்து எழவில்லை. மணி நின்ற பிறகு திரும்பவும் காஜா போட்டேன். பிறகு உனக்குப் பொய் எழுதினேன். அம்மாவைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, என்னைக் காப்பாற்றத்தான்.

முந்தாநாள் குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தவளிடம், பிரசவ அறையில் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். பிறகு, "கேட்டுச்சு. ஏழு தடவை மணி அடிச்சுது, எண்ணிக்கிட்டே இருந்தேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும், எடுக்கலாம்னு இருந்தேன். என் கொழுப்பு. அவ கூப்பிடவே இல்ல" என்றாள். உனக்கு எழுதச் சொல்லவில்லை. தனக்காகப் பரிந்து பேசு என்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நீ கூப்பிட்ட அன்றிலிருந்து கடை போனை அவள் மேஜைமேல் வைத்ததே இல்லை. குளிக்கப் போனாலும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறாள். எந்த மந்திரி கூப்பிடப் போகிறார் என்று நானே எத்தனையோ தடவை கேலி பண்ணியிருக்கிறேன். கேலி பண்ணின வாயை என்ன செய்வது, சொல்.

அம்மா வர வேண்டாம் என்றால் வர வேண்டாம். உன் பிரசவம், உன் அறை, யார் உன் பக்கத்தில் நிற்பது என்று சொல்ல உனக்குத்தான் உரிமை. என்னை மன்னிக்காவிட்டாலும் சரி, மூக்கைக் கொடுத்தவள் என்று குழந்தையையாவது வந்து பார். ஆனால் அந்த ஒரு வரியை அம்மாவிடம் நான் படித்துக் காட்ட மாட்டேன். அதை நீயே உன் வாயால் சொல். திட்ட வேண்டுமென்றால் திட்டு, அழ வேண்டுமென்றால் அழு, ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டாலும் சரி. அவள் கேட்பாள்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழுந்து வா. அதற்கு முன்னால், இன்னொரு தடவை கூப்பிடு அக்கா.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
சின்னவள்