உமிரிப் பெட்டி

மரக்காணம்
5-5-2025

அன்பு நாத்தனார் சத்யப்ரியாவுக்கு அண்ணி அம்சவள்ளி எழுதுவது,

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உன் ஆராய்ச்சிக்காகப் பறித்து அனுப்பச் சொன்னாயே, உப்பளத்து வரப்பில் முளைக்கிற அந்த உமிரிச் செடியைப் பொரியல் பண்ணிவிட்டேன். கழுவி வைத்தேன், கை பாட்டுக்கு வெங்காயம் அரிந்துவிட்டது. உங்கண்ணன் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். "யாருக்குப் பறிச்ச?" என்றார். உன் பேரைச் சொன்னேன். எழுந்து போகவில்லை! கல்யாணம் வேண்டாம், படிக்கப் போகிறேன் என்று நீ கிளம்பிய இந்த இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

உப்பு வாரும்போது போன் பாத்தியில் விழுந்து செத்தது. அதனால்தான் பஸ் கண்டக்டர் அந்தோணிசாமி கையில் கடிதம். பிழை பார்த்துச் சிரிக்காதே, நான் நாலாங்கிளாஸ்.

அம்சவள்ளி


சென்னை
6-5-2025

அன்புள்ள அண்ணி,

வெந்தால் என்சைம் செத்துவிடும், பொரியல் எனக்கு உதவாது!

உப்பும் வெயிலும் சேர்ந்தால் செடியின் செல்லுக்குள் ஆக்ஸிஜன் வெறிபிடித்துக் கண்டதையும் அரிக்கும். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்கிற என்சைம் அதைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதுவும் ஆபத்துதான். அடுத்த ஆள் கேட்டலேஸ் வந்துதான் அதைத் தண்ணீராகவும் நல்ல ஆக்ஸிஜனாகவும் ஆக்கும். ஓர் ஆள் மட்டும் போதாது.

உச்சிவெயிலில் பறித்து உடனே ஐஸில் வையுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் என் ஆய்வு ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

அண்ணன் நிஜமாகவே எழுந்து போகவில்லையா?

சத்யா


மரக்காணம்
8-5-2025

அன்பு சத்யாவுக்கு,

உன் கடிதத்தை உங்கண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அந்த முதல் பேரிலேயே நாக்கு சுளுக்கிக்கொண்டது.

"இதுக்கா போனா அவ?" என்றார்.

"ஆமாங்க. உங்க கோவத்துக்கு நான்தான் மொத ஆளு. ரெண்டு வருஷமா பாதிதான் அடக்க முடிஞ்சுது. மிச்சத்தைத் தண்ணியாக்குற ஆளு மெட்ராஸ்ல இருக்குது" என்றேன்.

முறைத்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று உச்சிவெயிலில் பார்த்தால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உப்பளத்து வரப்பில் அவரே உமிரி பறிக்கிறார்! "கண்டக்டரு பாத்து எடுத்துட்டுப் போவானா? ஐஸு உருகிடும். நானே போறேன்" என்று வெள்ளைச் சட்டை மாட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வழியனுப்பப் போன நான், பஸ் போன பிறகுதான் பார்த்தேன். உமிரிப் பெட்டி என் காலடியில் இருக்கிறது. புது ஐஸ் போட்டு, இந்தக் கடிதத்தோடு அடுத்த பஸ்ஸில் அந்தோணிசாமியிடம் கொடுக்கிறேன். இது உன் கைக்கு வரும்போது அவர் வந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். பேசினீர்களா?

அவர் மடியில் வைத்துக்கொண்டு போனது மீன் வியாபாரி பச்சமுத்துவின் பெட்டி. நெத்திலி, மூன்று கிலோ. பச்சமுத்து இங்கே பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். நானும் கூடவே தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்சவள்ளி