முதல் ஈட்டுக்கு விசிறுபவர்

12 ஆகஸ்ட் 1957, திங்கள்

அரிசிக்கடை அலாவுதீன் இன்று காஜா பெராங் தெருவில் நான் இறைச்சிக் குச்சி சுட்டு விற்கும் அடுப்பைத் தேடி வந்தார். "முப்பத்தொண்ணாந் தேதி நாட்டுக்குச் சுதந்திரம், மறுநாள் விருந்து வைக்கிறேன் தம்பி. ஐந்நூறு குச்சி சாத்தே போடணும். என்ன வெலை சொல்றே?"

எந்த வாயால் கேட்கிறார்! மூன்று வருஷத்துக்கு முன்னால், அவர் தம்பிக்கும் என் தங்கை ஷரீஃபாவுக்கும் பேசி முடித்த கல்யாணத்தை, "சாத்தே விசிறுற வீட்டுல சம்பந்தமா?" என்று உடைத்த அதே வாய். ஷரீஃபா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அதற்கப்புறம் ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை.

அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆத்திரத்தில் ஒரு கட்டுக் குச்சியை ஒடித்துப் போட்டேன்.

13 ஆகஸ்ட்

இறைச்சி, கடலை, மசாலா, கரி — குச்சிக்கு ஐந்து காசு அடக்கம். எட்டுக்குக் கொடுப்பது வழக்கம். பன்னிரண்டு கேட்கலாமா? வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். காசில் அடித்து என்ன பயன்? எனக்கு வேண்டியது அவர் மானம்.

14 ஆகஸ்ட்

யோசனை கிடைத்துவிட்டது!

15 ஆகஸ்ட்

அவர் கடைக்கே போனேன். அடக்க விலைக்கே தருகிறேன், ஐந்து காசு. ஆனால் எங்கள் வழக்கப்படி முதல் ஈட்டுக்கு விருந்து வைப்பவர்தான் உட்கார்ந்து விசிற வேண்டும் என்றேன். பச்சைப் பொய்! ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால், வெள்ளைச் சட்டையோடு, சாம்பல் மூஞ்சியில் அடிக்க இருமட்டும். கொஞ்சம் தயங்கினார். மூன்று காசு மிச்சம் யாருக்குக் கசக்கும்? சரி என்றார்.

ஷரீஃபாவிடம் சொன்னேன். மஞ்சள் அரைப்பதை அவள் நிறுத்தவில்லை.

30 ஆகஸ்ட்

இறைச்சிக் கடையில் கொழுப்பாகப் பார்த்துத் தரச் சொல்லி வைத்தேன். சொட்டினால் தீ எகிறும். எகிறட்டும்.

1 செப்டம்பர், ஞாயிறு

எப்படி எழுதுவது?

மதியம் எல்லோரும் சுற்றி நிற்க, விசிறியைக் கொடுத்தேன். பழகாதவன் கையை ஓங்கி வீசுவான், சாம்பல் பறக்கும். இவர் மணிக்கட்டை மட்டும் அசைத்தார். தாழ, சின்னச் சின்னதாக. கொழுப்பு சொட்டும்போது நிறுத்தினார். ஒரு பொட்டுச் சாம்பல் எழும்பவில்லை. ஒரு குச்சி கருகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

குனிந்து, எங்கே பழகினீர்கள் என்றேன்.

"தெங்கேராவுல. வாப்பாவுக்கு இதான் தொழில்," என்றார், தலையைத் தூக்காமல். "வெளிய சொல்லிராதே தம்பி."

அடப்பாவி! சாத்தேக்காரன் மகனா நீ? உன் வீடு மட்டும் என்ன அரண்மனையா? அங்கேயே கத்தியிருக்கணும். ஏன் கத்தலை நான்?

3 செப்டம்பர்

தெங்கேரா பேச்சை எடுத்து, ஐந்து காசு பேசியதை எட்டாக்கிக் கேட்டேன். யோக்கியமான வேலையா? இல்லை. இருக்கட்டுமே. பேரம் பேசாமல் கொடுத்தார் அலாவுதீன்! நாற்பது வெள்ளி.

மேலதிகப் பதினைந்தை ஷரீஃபா முன்னால் வைத்து, எப்படி வந்தது என்று பெருமையாகச் சொன்னேன். பழி வாங்கிவிட்டேன் என்றேன்.

அதை என் பக்கமே தள்ளினாள்.

"என் மானம் குச்சிக்கு மூணு காசுதானா அண்ணே?"

4 செப்டம்பர்

பதினைந்து வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். எண்ணிப் பார்த்துக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.