கதவில் அறைந்த கையுறை

மே 24

கிளம்பிவிட்டோம். பள்ளிக்கூடம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னதற்கு, "டெக்சஸ் கோதுமை உங்க கணக்கு வாத்தியாருக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" என்றார். நிற்காதுதான்.

முன்னால் அப்பாவின் லாரி, அதன் முதுகில் கதிர் அறுக்கும் மெஷின். நடுவில் டெல்பர்ட்டின் லாரி. டெல்பர்ட் எங்களிடம் வேலை பார்ப்பவர். பேச்சைவிட ஏப்பம் அதிகம். கடைசியில் அம்மாவின் பிக்கப். அதன் வாலில் எங்கள் டிரெய்லர், சக்கரம் வைத்த குட்டி வீடு. கோதுமை பழுக்கப் பழுக்கத் தெற்கேயிருந்து வடக்கே வயல் வயலாகப் போவோம். ஆகஸ்ட் வரை இதுதான் வீடு, இதுதான் சமையலறை, இந்தக் கீழ்க் கட்டில்தான் என் இடம். மேல் கட்டிலில் தங்கை டாட்டி பல்லை நறநறக்கிறாள்.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பயம் என்பது வயிற்றுக் காற்று மாதிரி. எல்லோருக்கும் வரும்; வெளியே தெரிந்தவர்தான் மாட்டிக்கொள்வார். அதனால்தான் இந்த நோட்டு.

எதற்குப் பயம் என்று நாளைக்கு எழுதுகிறேன். இப்போது எழுதினால் தூக்கம் வராது.

மே 27

டெக்சஸ். மழை. ஈரக் கோதுமையை அறுக்க முடியாது. எல்லோரும் சும்மா உட்கார்ந்து தின்றோம். அம்மா அந்தக் கதையை மறுபடி சொன்னாள்.

போன வருஷம் ஓக்லஹோமாவில் டிரெய்லருக்கு டயர் போனது. எங்கள் ஊரில் வேலிக் கம்பம் பிடுங்கவும் டிராக்டரைத் தூக்கவும் ஒரு நெட்டை ஜாக்கி எல்லோரிடமும் இருக்கும். என் நெஞ்சு உயரம், சிவப்பு நிறம். பெரிய பெரிய மெஷினைத் தூக்கியே பழகிய அம்மாவுக்கு டிரெய்லர் ஒரு பால் டப்பா. ஜாக்கியைக் கொண்டுபோய் அதன் பின்பக்க இரும்பில் மாட்டி நெம்பினாள். அந்த இரும்பு உள்ளே வெறும் கூடு. கக்கூஸ் குழாயைச் சுருட்டி வைக்கிற இடம்!

டயரைக் கழற்றியும் விட்டாள். அப்போது இரும்பு வளைந்து, குழாய் பாம்பு மாதிரி வெளியே பாய்ந்தது. அம்மாவின் கையுறை ஒரு போல்ட்டில் சிக்கியிருந்தது. அவள் குழாயைப் பிடிக்கக் கையை உருவினாள். அடுத்த மூச்சில் டிரெய்லர் தொப்பென்று உட்கார்ந்தது. கையுறைமேல்.

"கக்கூஸ் குழாய்க்குக் கோயில் கட்டணும்," என்று அம்மா முடித்தாள். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தக் கையுறையை அம்மா டிரெய்லர் கதவில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். அப்பளம் மாதிரி இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதோடு கை குலுக்குகிறார்கள்.

நான் சிரிக்கவில்லை. டெல்பர்ட், "என்ன முயலு, காது ஆடுது?" என்றார். முயல் என்பது நான்தான்.

அன்றைக்கு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தக் கையுறைக்குள் கை இருந்ததைப் பார்த்தேன். அம்மா குழாயைத்தான் பார்த்தாள்.

ஜூன் 1

காற்று. டிரெய்லர் ராத்திரி முழுக்க ஆடியது.

ஜூன் 4

ஒரு காரியம் செய்துவிட்டேன். நெட்டை ஜாக்கிக்கு ஒரு நீளக் கைப்பிடி உண்டு. அது இல்லாவிட்டால் ஜாக்கி வெறும் கம்பம். சாயங்காலம் அதை உருவிக்கொண்டுபோய் கோதுமைக்குள் போட்டுவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. நான் எவ்வளவு கெட்டிக்காரி!

ஜூன் 5

நான் எவ்வளவு முட்டாள்!

காலையில் அப்பா கஞ்சி குடித்துக்கொண்டே, "இன்னிக்குக் கிழக்கு ஓரத்திலேர்ந்து ஆரம்பிக்கிறேன்," என்றார். கிழக்கு ஓரம். கைப்பிடி கிடக்கிற இடம். அது மெஷினின் வாய்க்குள் போனால் இந்த வருஷ அறுவடையே போச்சு. ஸ்பூனைப் போட்டுவிட்டு ஓடினேன். கோதுமைக்குள் நாலு காலில் தவழ்ந்து தேடினேன். பின்னால் மெஷின் உறுமுகிற சத்தம்.

கிடைத்தது. சட்டைக்குள் செருகிக்கொண்டு நெட்டுக்குத்தாக நடந்து வந்தேன். அம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி, தடியை முழுங்கினவ மாதிரி நடக்கற?"

"வயித்துவலி."

விளக்கெண்ணெய் கொடுத்தாள். குடித்தேன். கைப்பிடி இப்போது என் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. நான் அதன்மேல் இருக்கிறேன்.

ஜூன் 13

முதுகு வலிக்கிறது.

ஜூன் 22

கான்சஸ். இந்த முறை சரிவான இடம். தோசைக்கல் போல இருக்க வேண்டிய தரை சாய்ந்தால் அடுப்பில் முட்டை ஒரு மூலைக்கு ஓடும். அதற்காக அம்மா எப்போதும் பலகைகளைப் படி மாதிரி அடுக்கி, தாழ்ந்த பக்கச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றி நிறுத்துவாள். ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம். இன்றைக்குப் பலகை போதாமல் முன்சக்கரத்தை மட்டும் ஏற்றினாள்.

டாட்டி பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "ராட்டினம்! ராட்டினம்!"

அது தரையைத் தொடவே இல்லை. ஜாக்கி இல்லை, ஒன்றும் இல்லை. முன்சக்கரம் பலகைமேல் திடமாக உட்கார்ந்திருக்கிறது, பின்சக்கரம் தானாகத் தொங்குகிறது.

"கையை எடுடி, நசுங்கிடப்போகுது," என்று அம்மா கத்தினாள். அதைச் சொல்கிறவளைப் பாருங்களேன்!

பலகை முட்டைக்காகப் போடுவது. டயருக்காகப் போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். முயலுக்கே தோன்றுகிறதே. நாளைக்கு அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 23

சொல்லவில்லை.

ஜூன் 30

சொல்லவில்லை. சிரிப்பார்கள்.

ஜூலை 12

நடந்துவிட்டது. எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை, யார் படிக்கப்போகிறார்கள்.

நெப்ராஸ்காவுக்குள் வந்து கொஞ்ச நேரம். டமார். கண்ணாடியில் பார்த்தால் டயர்த் துண்டுகள் காக்கை மாதிரி பறக்கின்றன. வலது பக்கப் பின்சக்கரம். அம்மா வண்டியை ஒரு வயலுக்குப் போகும் சரளைப் பாதையில் ஒதுக்கினாள். முன்னால் போன லாரிகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டன.

"அப்பாவை வயர்லெஸ்ல கூப்பிடும்மா."

"கூப்பிட்டா வரிசையை நிறுத்தினது நான்னு ஆகும். டெல்பர்ட் காலுறையைத் தோச்சிருக்கியா நீ? நான் தோச்சிருக்கேன்."

எங்கள் வரிசையில் அப்படி ஒரு சட்டம். யாரால் வரிசை நிற்கிறதோ அவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் எல்லோர் துணியையும் துவைக்க வேண்டும். அம்மா கையைக்கூடக் கொடுப்பாள், காலுறையைத் துவைக்க மாட்டாள்.

ஜாக்கியை இறக்கினாள். "கைப்பிடி எங்கடி?"

நான் வானத்தைப் பார்த்தேன். அம்மா பிக்கப்பைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறை. கிடைக்கவில்லை. அப்பாடா, இனி அப்பாவைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். என் அம்மாவை எனக்கே தெரியவில்லை.

"சரி விடு. மூலைக் காலை வச்சுத் தூக்கிரலாம்."

மூலைக் கால் என்றால், நிறுத்தி வைத்த டிரெய்லர் ஆடாமல் இருக்க நாலு மூலையிலும் இறக்குகிற ஒல்லிக் கால்கள். ஆடாமல் பிடிக்கத்தான். தூக்க அல்ல. அம்மா பின்மூலையில் போய்த் திருகத் திருக, கால் கொக்குக்கால் மாதிரி வளைகிறது. டிரெய்லர் கிறீச் என்கிறது. உள்ளே ஏதோ தட்டு விழுந்து உடைகிறது. பக்கவாட்டில் காற்று வேறு. நெட்டை ஜாக்கியே மேல் போலிருந்தது. நான் கைப்பிடியை ஒளித்து வைத்ததால் வந்த வினை. கொண்டுவந்து கொடுத்தால் கக்கூஸ் இரும்பு. கொடுக்காவிட்டால் கொக்குக்கால். இப்ப நான் என்ன பண்ணுவேன், என்ன பண்ணுவேன்?

அம்மா ஒரு முழங்காலை ஊன்றிச் சக்கரத்துக்குள் கையை விட்டாள்.

"அம்மா, கையை எடு!"

"ச்சீ, ஏண்டி அலறுற! நான் பதினாறு வயசுல மெஷினையே—"

அவள் முடிக்கவில்லை. நான் கதவுக்கு ஓடி அந்தக் கையுறையைப் பிய்த்தேன். ஆணி அப்படியே இருந்தது, கையுறை கிழிந்து வந்தது. அம்மாவின் மடியில் போட்டேன்.

"இதுக்குள்ள உன் கை இருந்துச்சு. நீ குழாயைப் பாத்துக்கிட்டு இருந்த. நாந்தாம்மா பாத்தேன். கை இருந்துச்சு. அப்புறம் இல்ல. நடுவுல எதுவுமே இல்ல. எல்லாரும் இதுகூடக் கை குலுக்குறாங்க, எனக்கு வாந்தி வருது."

அம்மா கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள், அளவு பார்க்கிற மாதிரி. பிறகு எழுந்துபோய் மூலைக் காலை மெல்ல மெல்ல மேலே திருகிவிட்டாள்.

"சரி முயலே. நீயே சொல்லு. என்ன பண்ணலாம்?"

இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. டாட்டிதான் குதித்தாள். "ராட்டினம்! பலகை மேல ஏத்துனா ராட்டினம்!"

அப்புறம் நான் சொன்னேன். டிரெய்லரைப் பிக்கப்போடு மாட்டியபடியே விட்டோம். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கினோம், கழற்றவில்லை. நல்ல முன்சக்கரத்துக்கு எதிரே பலகைகளைப் படி மாதிரி அடுக்கினேன், முட்டைக்கு வைப்பதைவிட உயரமாக. டாட்டியை வேலிப் பக்கம் உட்கார வைத்தோம். அங்கிருந்தே அவள் மேஸ்திரி வேலை பார்த்தாள். அம்மா பிக்கப்பை ஊர விட, நான் தள்ளி நின்று கை காட்டினேன்.

"வா வா வா… இன்னும்… நில்லு!"

சக்கரம் உச்சிப் பலகையில் ஏறி உட்கார்ந்தது. கிழிந்த டயர் தரையை விட்டுக் கிளம்பி, தொங்கியது.

அம்மா கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். நட்டுமேல் கை வைக்கப் போனவளை நிறுத்தினேன். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்தேன். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினேன்.

"கல்யாணப் பொண்ணு அலங்காரமே இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சிரும்," என்றாள் அம்மா. ஆனால் நின்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்தே வேலை பார்த்தோம். ஒரு விரல்கூட டிரெய்லருக்கு அடியில் போகவில்லை. ஸ்டெப்னி ஏறியது. நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முறுக்கினோம். பலகையிலிருந்து இறக்கி இன்னொரு தரம். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொல்லி மூன்றாம் தரம். அம்மா என்னைப் பார்த்த பார்வை! ஆனால் ஒரு நட்டு கால் சுற்று இளகித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் அப்படிப் பார்க்கவில்லை.

மேட்டைத் தாண்டினால் அப்பாவும் டெல்பர்ட்டும் லாரிகளை நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை நின்றுவிட்டது.

டெல்பர்ட் காலை ஆட்டினார். "ட்வைலா, இந்த வாரக் காலுறை கொஞ்சம் விசேஷம்."

ட்வைலா என்பது அம்மா. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு டெல்பர்ட்டிடம், "நீ சும்மா இரு," என்றார்.

ஜூலை 13

காசு போட்டால் மெஷின் துவைக்கிற சலவைக் கடையில் துணி துவைத்தோம். அம்மாவும் நானும். டெல்பர்ட்டின் காலுறைகளைக் குச்சியால் எடுத்துப் போட்டோம். மெஷின் ஓடும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"கைப்பிடி எங்க?"

"…மெத்தைக்கு அடியில."

"எப்பலேர்ந்து?"

"டெக்சஸ்."

அம்மா என்னைப் பார்த்தாள். வாய் கோணியது. பிறகு அடக்க முடியாமல் வெடித்தாள். சலவைக் கடையே திரும்பிப் பார்த்தது. "அதான் கெழவி மாதிரி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடந்தியா! நான் உனக்கு வெளக்கெண்ணெய் வேற குடுத்தேனே!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தாள். திரும்பவும் வந்தது. அதற்குச் சிரிப்பு காரணமில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 14

மெத்தை என்ன மெத்தென்று இருக்கிறது!

ஜூலை 29

தெற்கு டகோட்டா. பக்கத்து வயலுக்கு அறுக்க வந்த குடும்பம் சாப்பிட வந்தது. அம்மா கையுறைக் கதையைச் சொல்வாள் என்று அப்பா நாற்காலியைச் சாய்த்துக்கொண்டார். அம்மா, "உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்க," என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 16

மொன்டானா. கடைசி வயல். நாளை மறுநாள் ஊருக்குத் திரும்புகிறோம். நான் போய்ச் சேர்வதற்குள் பள்ளிக்கூடம் திறந்திருக்கும்.

இன்றைக்கும் ஒரு டயர் போனது, இடது பக்கம். எழுத அதிகமில்லை. அப்பா பழக்கதோஷத்தில் நெட்டை ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நில்லு லைல்," என்றாள் அம்மா. "முயல் இன்னும் பாக்கல."

நான் பலகைகளை அடுக்கினேன். சக்கரம் ஏறிய பிறகு முட்டுக்கட்டை வைத்தேன். தோளால் தள்ளினேன், இரண்டு தரம். எனக்குப் பயம் போகவில்லை, அப்படியேதான் இருக்கிறது. அப்பா, அம்மா, டெல்பர்ட் மூன்று பேரும் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று என் வாயையே பார்த்தார்கள். டெல்பர்ட் ஏப்பம்கூட விடவில்லை.

"சரி," என்றேன். அப்புறம்தான் அம்மா ஸ்பேனரை எடுத்தாள்.

கதவில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது. வேலை முடிந்து வந்து அம்மா தன் கையுறைகளை அதில் மாட்டினாள். இரண்டும் தொங்குகின்றன, உள்ளே கை இருப்பதுபோல உப்பிக்கொண்டு.