ஒரு ஞாயிறுகூடத் தவறாதவள்

சிவகாசி
டிசம்பர் 10, புதன்கிழமை

அன்பு மகள் பிரிசில்லாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் குட்டி ஷெரினும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் மூன்று பேர் பெயரையும் சொல்லியே ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையைவிட நீ சொல்லிக்கொடுத்த பயிற்சிதான் கேட்கிறது என்று எழுதச் சொன்னாள். பிரஸ்ஸில் காலண்டர் சீசன், பைண்டிங்கில் ஆள் பற்றாமல் நானும் கீழே உட்கார்ந்து தாள் அடுக்குகிறேன், சூப்பர்வைசர் என்பதெல்லாம் பெயருக்குத்தான். இரண்டு நாள் நல்ல மழை பெய்து வெம்பக்கோட்டை அணைக்குக் கொஞ்சம் தண்ணீர் வந்திருக்கிறது. இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடிய சங்கதிதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. அன்று சபையின் யூடியூபில் நான் பேசியதைப் பார்த்துவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். நீ எடுத்திருந்தாலும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வார்த்தை வந்திருக்காது, அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத் தாளையும் தபாலில் போடுகிறேன். கோபம் இருந்தாலும் கடைசிவரை படித்துவிடு மகளே.

நவம்பர் மாதம் ஸ்தோத்திரப் பண்டிகையில் நான் சாட்சி சொன்னதை நீ பார்த்தாய், இரண்டு இதயப் படம் அனுப்பினாய், அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். இப்போதெல்லாம் நம் சபையில் சாட்சி என்றால் ஒவ்வொருவரும் அந்த வருஷம் என்ன வாங்கினோம் என்று சொல்வதாகத்தான் ஆகிவிட்டது. ஒருவர் மாடி கட்டியதைச் சொல்கிறார், அடுத்தவர் ஏசி மாட்டியதைச் சொல்கிறார், எல்லாவற்றுக்கும் அல்லேலூயா. எனக்கும் என் முறை வரவேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்துகொண்டே இருந்தது. நீ அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு, நீ அனுப்பிய வாட்சையும் கட்டிக்கொண்டு போனேன். உன் புது வீட்டையும் காரையும் திரையில் போடச் சொல்லி வாலிபர் சங்கத்துப் பையன்களிடம் முன்னாலேயே படம் கொடுத்து வைத்திருந்தேன். மேலே ஆசீர்வாத வசனம், அதற்குக் கீழே உன் கார். மைக்கைப் பிடித்ததும் வாய் நிற்கவில்லை. என் மகள் அயல்நாட்டில் இருந்தும் ஒரு ஞாயிறுகூட ஆராதனைக்குத் தவறியதில்லை, அதனால்தான் கர்த்தர் அவளை இவ்வளவு உயர்த்தி வைத்திருக்கிறார் என்று சொன்னேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது, அதை உன்னிடம் மறைக்கவில்லை.

நீ கோயிலுக்குப் போவதில்லை என்று எனக்குத் தெரியும் பிரிசில்லா. போன வருஷமே ஷெரின் போனில், "சண்டேன்னா மாலுக்குத்தான் போவோம் தாத்தா, அங்க எஸ்கலேட்டர்ல ஏறி ஏறி இறங்குவேன்" என்று சொல்லிவிட்டாள். நான் கேட்காத மாதிரி பேச்சை மாற்றினேன். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, "அத்தனை பேரு முன்னால பொய்யச் சொல்லிட்டு வந்து எப்படிங்க உங்களுக்குச் சோறு எறங்குது" என்று கேட்டாள். நான் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் கோயில் வாசலில் ஒன்று நடந்தது. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பொன்மணி வந்து பக்கத்தில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தாளே முத்துப்பேச்சி, அவளுடைய அம்மா. ஞானஸ்நானத்தில் மேரி என்று பெயர் வைத்தும் அந்தப் பிள்ளையை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உன்னை நர்சிங்குக்கு அனுப்பிய வருஷம் அவள் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினாள், இந்த ஆகஸ்டில் வெம்பக்கோட்டைப் பக்கம் நடந்த வெடிவிபத்தில் மருந்து அடைக்கிற ரூமில் இருந்த மூன்று பேரில் அவளும் ஒருத்தியாகப் போய்விட்டாள். உனக்கு அன்றைக்கே செய்தி சொன்னோம். பொன்மணி என்னிடம், "அண்ணாச்சி, பிரிசில்லா ஒரு ஞாயித்துக்கிழமகூடத் தவறலையா, மெய்யாவா" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகமாகவும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் ரிசல்ட் கேட்கிற மாதிரி கேட்டாள். ஆமாம்மா, ஒன்றுகூடத் தவறவில்லை என்று மறுபடியும் சொன்னேன். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் கோயிலுக்கு வரவில்லை, அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. அடக்கம் நடந்த வாரத்தில்கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். அம்மா பிடிவாதமாகச் சொன்னதால் போன செவ்வாய்க்கிழமை பிரஸ்ஸில் அரைநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே உட்கார்ந்து வெடிப் பெட்டிக்குப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள், விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருந்தது. வாங்க என்று எழுந்து பாய் விரித்தாள், டீ போடப் போனவளை அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று நான் கேட்டேன். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "அது ஞாயித்துக்கிழம அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம கம்பெனி கெடையாது, தீவாளி ஆர்டர் நெருக்குதுன்னு அன்னைக்கு மட்டும் வேன் வந்துச்சு. அவ போமாட்டேன்னுதான் சொன்னா. தலைக்குக் குளிச்சு கோயிலுக்குன்னு சேலையும் கட்டிட்டா. நாந்தான் ஒரு வாரம்தான, கர்த்தரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு, ரெட்டச் சம்பளம் தாராக, உங்க வீட்ல பாத்தம்லா அந்த வாசிங் மிசினு, அத நம்மளும் வாங்கிரலாம்னு சொல்லிச் சேலைய மாத்தச் சொல்லி வேன்ல ஏத்திவிட்டேன். இம்புட்டு நாளும் மனசு கெடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்க அன்னைக்கு மைக்குல சொன்னதும் தெளிவாயிருச்சு. ஒரு ஞாயிறுகூடத் தவறாத பிள்ளைக்கு வீடும் காரும் குடுத்தவரு, ஒரே ஒரு ஞாயிறு தவறுன பிள்ளைய எடுத்துக்கிட்டாரு. எம்பிள்ளைய நாந்தான் கொன்னுருக்கேன். இனி எந்த மொகத்த வச்சுக்கிட்டு அங்கன வர?"

வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வந்தவளுக்கு நீ வாங்கித் தந்த வாஷிங் மெஷினை ஓட்டிக் காட்டியது அம்மாதான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்த விபத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்பது எனக்குத் தெரியாததா மகளே? ஆராதனையில் இருக்கும்போதுதான் செய்தி வந்தது. தெரிந்தும், மைக்கைப் பிடித்தபோது அந்தத் தாய் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. திரையில் உன் கார் நன்றாகத் தெரிகிறதா என்றுதான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நம் ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கிக்கொண்டு வீடும் காரும் எடுத்துக் கொடுக்கிற கடைக்காரராகக் கர்த்தரை ஆக்கிவிட்டேன். அந்தக் கணக்குப்படி பொன்மணிக்குக் கிடைத்தது என்ன என்று பார்.

அங்கேயே சொன்னேன். நான் சொன்னது பொய் பொன்மணி, பிரிசில்லா கோயிலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, ஞாயிறு வந்தால் கடைக்குத்தான் போகிறாள், அதற்காகக் கர்த்தர் அவளை ஒன்றும் செய்துவிடவில்லை, உன் மகளையும் அதற்காக எடுக்கவில்லை, பாதுகாப்பில்லாத ரூமில் அவசரத்துக்கு ஆள் வைத்து வேலை வாங்கினார்கள், அதனால் போனாள் என்று சொன்னேன். அவள் பசைக்கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்ப அன்னைக்கு ஏன் அப்பிடிச் சொன்னீக?" என்று கேட்டாள். பெருமைக்குச் சொன்னேன் என்றேன். "அம்புட்டுப் பேரு முன்னால சொன்னத எங்கிட்ட மட்டும் மாத்திச் சொன்னாப் போதுமா அண்ணாச்சி? நான் சமாதானமாகட்டும்னு இப்பப் பொய் சொல்லுதீகளோன்னு இருக்கு" என்றாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே போதகரைப் போய்ப் பார்த்தேன். அவர் நல்ல மனுஷன், உன்னையும் நினைத்துத்தான் தயங்கினார். "பண்டிகை நேரம் அண்ணாச்சி, வெளியூர்ல இருந்தெல்லாம் லைவ் பாக்குறாங்க, பிள்ளைக்குக் கெட்ட பேராயிரும், நம்ம ரெண்டு பேரும் தனியா ஜெபிச்சுக்குவோமே" என்றார். "பொய்யத் தனியாச் சொல்லலையே ஐயா, மைக்குல சொன்னேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பிரசங்கத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் தருவதாகச் சொன்னார். நான் உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், அதையே சாக்காக வைத்துக்கொண்டு நானும் விட்டுவிடுவேன் என்று பயந்துதான் கேட்கவில்லை. அது உனக்கு நான் செய்த தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஞாயிறன்று என்ன சொன்னேன் என்பதை நீயே பார்த்திருப்பாய். நீ பார்க்காததைச் சொல்கிறேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. வெளியே வந்தபோது இரண்டு மூன்று பேர் என்னைப் பார்க்காத மாதிரி போனார்கள், ஒருவர் மட்டும் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார், போன வருஷம் மாடி கட்டியதைச் சாட்சி சொன்னவர்தான். பொன்மணி உள்ளே வரவில்லை, கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கிட்டே போனதும், "பாரம் முழுசா எறங்கல அண்ணாச்சி, பாதி எறங்கியிருக்கு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு சொன்னாள், "பிரிசில்லாவத் திட்டிராதீக. ஞாயிறு ஒரு நாளுதான அவளுக்கு லீவு, அங்கன அவளுக்கு யாரு இருக்கா."

அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். மார்ச் மாதம் நீ அவளிடம் அழுதாயாமே. மாலுக்குப் போனாலும் ஒன்றும் வாங்குவதில்லை, வீட்டில் இருந்தால் நாலு சுவரும் அமுக்குகிற மாதிரி இருக்கிறது, அங்கே கூட்டமும் வெளிச்சமும் இருக்கிறது என்பதற்காகச் சுற்றிவிட்டு வருகிறோம் என்று சொன்னாயாமே. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாயாமே. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஐந்து வருஷமாகப் போனில் உன்னிடம் நான் கேட்டதெல்லாம் சோபா வந்துவிட்டதா, கார் என்ன கலர், வீட்டில் எத்தனை ரூம் என்பதுதான். நீயும் போனைத் திருப்பித் திருப்பி வீட்டைக் காட்டினாய், உன் முகத்தைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. நீ சந்தோஷமாக இருப்பதாக நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதனால் அழுவதற்கு உனக்கு வீட்டில் இடமில்லாமல் போய்விட்டது.

கோயிலுக்குப் போ என்று சொல்ல இதை எழுதவில்லை. போனால் கிடைக்கும், போகாவிட்டால் பறிபோகும் என்று இனி ஒருநாளும் உன்னிடம் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே பக்கத்தில் நம் தமிழ் ஆட்கள் கூடுகிற ஜெப வீடு ஒன்று இருப்பதாக மருமகன் முன்பு சொன்னார். ஆறுதலாக நாலு பேரோடு உட்கார வேண்டும் என்று தோன்றுகிற அன்றைக்குப் போய் உட்கார், பாட்டுப் பாடாவிட்டாலும் பரவாயில்லை. வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, ஷெரினுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு, நீங்கள் இரண்டு பேரும் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு என்ன அனுப்பட்டும் என்று கேட்டிருந்தாய், எங்களுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். உன் தலைமேல் கர்த்தருடைய கை இருக்கட்டும், உன் மனதில் அவருடைய சமாதானம் தங்கட்டும், உன் பிள்ளை உன்னிடம் மறைக்காமல் அழுகிற பிள்ளையாக வளரட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

ஒரே ஒரு காரியம், மறந்துவிடாதே. பொன்மணி நம்பரைக் கடைசித் தாளில் எழுதியிருக்கிறேன். முத்துப்பேச்சி போனதிலிருந்து நீ அவள் அம்மாவிடம் பேசவில்லை, என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இருந்திருப்பாய். அவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் விபத்தைப் பற்றியும் நஷ்ட ஈட்டைப் பற்றியும்தான் கேட்கிறார்களாம், "எம்பிள்ள எப்பிடிச் சிரிப்பான்னு பேச ஒருத்தரும் இல்லண்ணாச்சி" என்றாள். நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எதற்கு அப்படிச் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை நீ எங்கே இருந்தாலும் சரி, அவளுக்குப் போன் போட்டு அதைச் சொல்.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா,
வே. ஞானசிகாமணி