பிரிக்காத பொட்டலம்

அருள்புரம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அருள் அண்ணாவுக்கு, தங்கை ஜெயபாரதி வணக்கத்துடன் எழுதுவது.

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். போன் கையில் கிடைத்தாலும் சுதா அத்தை பக்கத்திலேயே இருப்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

எல்லோரும் நலம். வீட்டை ஒட்டிய நம் கம்பெனியில் குழந்தைகள் பனியன் ஆர்டர் ஓடுகிறது. அப்பா தையல் மெஷின் சத்தத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குள் வந்தால் பேசவேண்டி வருமே என்றுதான் போலும். பெண் பார்க்க வேண்டாம், தரணீதரன் அண்ணனோடுதான் வாழப்போகிறேன் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னீர்கள் அல்லவா? அதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்த விஷயம்" என்கிறார்கள். இப்படித்தான் எங்கள் அறிவியல் டீச்சரும் இனப்பெருக்கப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வீட்டில் அத்தை படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தார். நான் எங்கே போய்ப் படிப்பது?

"ஒரு கால்கட்டப் போட்டா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்று அத்தை குன்னத்தூரில் உங்களுக்கு ஒரு பெண் பார்த்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. முருகனிடம் பூ கேட்டு, வெள்ளை வந்தால் பெண் வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடுவது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி உங்களை வரவழைப்பது என்று முடிவு செய்தார்கள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

கிருத்திகை அன்று கோயிலுக்குப் போனோம். வெள்ளைக்கு நந்தியாவட்டை ஒன்றிலும் சிவப்புக்குச் செவ்வரளி ஒன்றிலும் என்று சொல்லி, வாழையிலையில் இரண்டு பொட்டலங்களை அம்மாதான் வீட்டிலேயே கட்டி எடுத்துவந்தார். சாமி முன்னால் வைத்து, அங்கே வந்திருந்த யாரோ ஒருவரின் குழந்தையிடம் ஒன்றை எடுக்கச் சொன்னோம். பிரித்தால் சிவப்பு. அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. மற்றதையும் பிரித்துப் பார்க்கலாம் என்றார். அம்மா அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அத்தையிடம், "சாமி உத்தரவு கெடச்சாச்சுங்க நங்கையா. இன்னொன்னப் பிரிச்சா தெய்வக் குத்தமாயிருமுங்க" என்றார். அம்மா அத்தையை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அப்பா, "வுடு சுதா. முருகனே வேண்டாங்கறப்ப நாம என்ன பண்றது" என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்கு நிம்மதி வந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குளிக்கப் போனார். கட்டிலில் கழற்றிப் போட்ட சேலைக்குள் அந்தப் பொட்டலம் கிடந்தது. பிரித்தேன். அதிலும் செவ்வரளிதான். நந்தியாவட்டை அத்தனையும் சமையலறையில் ஒரு கிண்ணத்துக்கடியில் வாடிக்கிடந்தது.

அம்மாவிடம் கேட்டேன். "படிக்கற புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு, போ கண்ணு" என்றார். அன்றிலிருந்து இரவில் சாப்பிடுவதில்லை. கேட்டால் நெஞ்செரிச்சல் என்கிறார். சாமியிடம் அப்படிச் செய்துவிட்டோமே என்று பயப்படுகிறாரோ என்னவோ.

அம்மா உங்களைப் புரிந்துகொண்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையில்லை. தரணீதரன் அண்ணன் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். குன்னத்தூர்ப் பெண்ணின் போட்டோவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பாவம், அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு" என்றார். உங்களுக்காகச் செய்தாரா, அந்தப் பெண்ணுக்காகச் செய்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை இப்போது வெள்ளகோவிலில் ஒரு ஜாதகம் கேட்டிருக்கிறார். இன்னொரு தடவை அம்மாவால் முடியுமா என்று தெரியவில்லை. மிகவும் களைத்துப் போயிருக்கிறார். அதனால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று யார் கூப்பிட்டாலும் கிளம்பி வந்துவிடாதீர்கள். நிஜமாகவே அப்படியென்றால் நானே எப்படியாவது சொல்வேன்.

ஆனால் அம்மாவுக்குப் போன் செய்வதை நிறுத்திவிடாதீர்கள் அண்ணா. எடுக்க மாட்டார். அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். இருந்தாலும் செய்யுங்கள்.

முருகன் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

அன்புத் தங்கை,
ஜெயபாரதி

கம்பெனியில் வேலை முடிந்து, அப்பா விளக்குகளை அணைத்துவிட்டார். இனி வீட்டுக்குள் வருவார், இத்துடன் நிறுத்துகிறேன்.