வெள்ளைக்காரர் வீட்டுத் துக்கம்

பிப்ரவரி 20, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில்.

நாளையும் ஞாயிறும் பசுமலைப் பழைய பங்களாவில் கண்காட்சி. விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்காரர்கள் துக்கம் காத்த விதம். நான் எழுதப் படிக்கக் கற்கும் முதியோர் வகுப்பின் டீச்சர் நடத்துகிறார். விளக்க அட்டையைச் சனங்களுக்கு வாசித்துக் காட்டுவது நான். நானே கேட்டு வாங்கிய வேலை! மனப்பாடம் கூடாது. பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

என் மனைவி பேச்சி: "நீங்க எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள வந்த சனம் வீடு போய்ச் சேந்துரும்."

சட்டை தேய்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடி மறக்கக் கூடாது.

பிப்ரவரி 21, சனி

அறையைச் சாவு வீடாகவே ஆக்கியிருந்தார் டீச்சர். நிலைக்கண்ணாடிக்குக் கறுப்புத் துணி. ஓடாமல் நிறுத்திய கடிகாரம். கறுப்புக் கவுன். இறந்தவர் முடியைப் பின்னிப் பதித்த பதக்கம், மாதிரிக்கு ஒன்று.

வாசித்தேன். விதவைக்கு முதலில் கறுப்பு, இரண்டு வருடம் போனபின் சாம்பல், ஊதா. ஆண்பிள்ளைக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. அங்கேயும் அப்படித்தான்.

பூ விற்கும் அம்மா நடுவில் கேட்டார்: "இம்புட்டுக் கனத்த கவுனா? வேர்க்காதாண்ணே?"

"அவுக ஊரு குளிரு, ஆத்தா" என்றேன்.

எல்லோரும் சிரிப்பு. முடிப் பதக்கம் வந்ததும் அதே அம்மா, "எங்க வீட்டுக்காரரு போனப்ப எனக்கு இது தோணலியே" என்றார். மேலே வாசித்தேன்.

முடித்தேன். எழுந்து போனார்கள். ஒருவர்கூட "வாரேண்ணே" சொல்லவில்லை. நன்றாயிருந்தது என்றும் இல்லை. பூக்கார அம்மா என் முகத்தையே பார்க்காமல் இறங்கி, குழாயில் கால் கழுவிவிட்டுப் போனார்.

வாசிப்பு தோற்றது. நாளை வேறு ஆளை வாசிக்கச் சொல்லிவிடலாம். சாப்பிடாமல் படுத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காபி குடிக்கும்போது பேச்சியிடம் எல்லாம் சொன்னேன். கால் கழுவியதையும்.

தலையில் அடித்துக்கொண்டாள். "கூறுகெட்ட மனுசா! எழவு வீட்டுல யாராச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லுவாகளா?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இது எப்படித் தோன்றாமல் போனது? எந்தக் காலத்திலோ எங்கேயோ செத்த வெள்ளைக்காரருக்காக அந்த அம்மா கால் கழுவியிருக்கிறார். நான் வாசித்ததைக் கேட்டு. நான்!

வேறு ஆள் பேச்சை எடுக்கவே இல்லை. மாலை மறுபடி நானே. பேச்சியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முந்தானைக்குள் சிரிப்பு. ஊதா நிறம் வரும் இடத்தில் திக்கினேன். காத்திருந்தார்கள். மெதுவாக வாசித்து முடித்தேன்.

அட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தால் பேச்சி இருந்த இடம் காலி. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.